மூன்றாவது இலை விடுவதற்குள்

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் கையில் குடையும் தோளில் பையுமாக நடக்கிற எந்தப் பெண்ணும் டீச்சர்தான். நான் ஒரு நாள்கூட யாருக்கும் பாடம் சொன்னதில்லை. பழைய மண்டபம், மதில், கல்வெட்டு இவற்றையெல்லாம் பாழாகாமல் காக்க வேண்டிய அரசுத் துறை ஒன்றின் கிளை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஆனாலும் பஸ் ஸ்டாண்டுப் பூக்காரி முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் நான் டீச்சரம்மா. ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். வாய் வலித்ததுதான் மிச்சம்.

அலுவலகம் ஒரு பட்டு நூல் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு அறைகள். ஒன்றில் அதிகாரி, இன்னொன்றில் நானும் பீரோக்களும். எங்கள் பொறுப்பில் இருந்தவற்றில் இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் ஒரு கல் மண்டபம், அதைச் சுற்றி ஆள் உயர மதில். கலசப்பாக்கம் பக்கம் அதே போல இன்னொன்று. இரண்டிலும் தினக்கூலிக்கு ஒவ்வொரு ஆள் போட்டிருந்தோம். கலசப்பாக்கத்தில் ஒரு காவல்காரர். இங்கே ஓர் அம்மாள். அவரை ஆபீசில் எல்லோரும் மண்டபத்தம்மா என்போம். அப்போது நான் அவரை வாம்மா, போம்மா என்றுதான் கூப்பிட்டேன், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர் என்று தெரிந்தும். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். தாமதமாக வந்த மரியாதை, வேறென்ன.

ஒரு சித்திரை மாதம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனிமேல் ஒவ்வொரு கிளையும் தான் செய்யப்போகும் வேலைக்கு ஆண்டு இலக்கு போட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எவ்வளவு முடிந்தது என்று அறிக்கை அனுப்ப வேண்டும். கடைசிப் பத்தியில்தான் விஷயம் இருந்தது. இலக்கை எட்டிய இடங்களில் நெடுநாளாகத் தினக்கூலியில் இருப்பவர்கள் நிரந்தரம் ஆக்கப்படுவார்கள். மண்டபத்தம்மா அப்போது ஒன்பது வருடமாகத் தினக்கூலி. கணவர் களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கி முதுகு போய்ப் படுத்துவிட்டவர். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். நிரந்தரம் என்றால் அந்த வீட்டுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதிகாரி படிவத்தை என் மேஜையில் வைத்தார்.

"நீயே போட்டுடும்மா. தறிக்காரர் வீட்டுப் பொண்ணு, எண்ணிக்கையெல்லாம் உனக்குத்தான் சரியா வரும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் சொன்னதும் உண்மைதான். எங்கள் வீட்டில் தறி ஒன்று. மாதத்துக்கு இரண்டு புடவை நெய்து தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தால் அப்பா நல்ல மனநிலையில் இருப்பார், ஒன்றரை என்றால் வீடே வாய் திறக்காது. தறியிலிருந்து இறங்கியதுதான் வேலை, இறங்காதது வேலையில்லை. இதைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவள் நான். படிவத்தில் 'அலகு' என்று ஒரு கட்டம் இருந்தது. சுண்ணாம்புப் பூச்சு, சதுர அடி. கல்வெட்டுப் படி எடுத்தல், எண்ணிக்கை. மதிலில் முளைத்த மரம் அகற்றுதல், எண்ணிக்கை. பெருக்குவது, பார்த்துக்கொள்வது, ஆடு மாடு விரட்டுவது போன்றவற்றுக்கு அலகு கிடைக்கவில்லை, எனவே அடித்துவிட்டேன். மரத்துக்கு மட்டும் எத்தனை போடுவது என்று கொஞ்சம் யோசித்தேன். இடத்துக்கு மாதம் இரண்டு, வருடத்துக்கு இருபத்துநாலு என்று எழுதினேன். ஏன் இரண்டு என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் ஒரே பதில்தான் இருந்திருக்கும், எங்கள் தறியில் இரண்டுதான் இறங்கும். யாரும் கேட்கவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார், சென்னை ஒப்புதல் கொடுத்தது.

முதல் மூன்று மாதம் முடிந்தது. கலசப்பாக்கம் காவல்காரர் ஏழு மரம் அகற்றியதாக வந்து சொன்னார். மண்டபத்தம்மா ஒன்றும் இல்லை என்றார்.

"ஒண்ணும் இல்லன்னா எப்படிம்மா? மூணு மாசம் என்ன பண்ணிகினு இருந்தே?"

"மரமே இல்லீங்களே டீச்சரம்மா. இருந்தாத்தானே எடுக்கறதுக்கு."

"எழுதறதுக்கு ஏதாவது வேணுமா இல்லியா?"

அவர் வாசற்படி ஓரமாகவே நின்றார். ஆபீசுக்குள் வந்தால் உட்கார மாட்டார். நானும் உட்காரச் சொன்னதில்லை. எரிச்சலோடு குடையை எடுத்துக்கொண்டு அவருடன் மண்டபத்துக்குக் கிளம்பினேன். அங்கே போய்ச் சுற்றிச் சுற்றி வந்தேன். மதிலில் பச்சையாக ஒரு பொட்டுகூடக் கிடையாது. காக்கை எச்சமிட்ட இடத்திலெல்லாம் அரசும் ஆலும் முளைக்கிற நாட்டில் அது லேசுப்பட்ட விஷயமில்லை. எனக்கோ அது தெரியவில்லை, எழுத ஒன்றும் இல்லையே என்ற பேஜார்தான் இருந்தது.

அவர் எப்படிச் செய்கிறார் என்று காட்டினார். கையில் ஓர் உடைந்த குடைக்கம்பி, நுனியைக் கல்லில் தேய்த்துக் கூர் பண்ணியது. தினமும் காலையில் மண்டபத்தையும் மதிலையும் ஒரு சுற்று. கல் இடுக்கில் விரல் நகம் அளவுக்கு எது தலைகாட்டினாலும் கம்பியை வேருக்கு அடியில் விட்டு நெம்பினால் முழுசாக வந்துவிடும். அதற்கும் அவரிடம் ஒரு விதி இருந்தது.

"மூணாவது இல வுடறதுக்குள்ள எடுத்துடணுங்க. அது வரைக்கும் புல்லு மாதிரி. மூணாவது இல வந்துட்டா அரச மரம். அரச மரத்த அழிச்ச பாவத்த எங்க கொண்டு போய்க் கழுவறது? எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குது."

எங்கள் பக்கத்தில் அரச மரத்தை வெட்ட யாரும் கை வைக்கமாட்டார்கள். கூலிக்கு வருகிற ஆள்கூடக் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அரிவாளை எடுப்பான். ஆகவே அந்த விதி எனக்குப் புதிதாகப் படவில்லை. எத்தனை எடுத்தாய் என்று மட்டும் கேட்டேன். எண்ணியதில்லை என்றார். இனிமேல் எண்ணி எடுத்து வா என்றேன். ஒரு மாதம் கழித்து முந்தானையில் முடிந்து கொண்டு வந்து என் மேஜை மேல் கொட்டினார். வாடிய தளிர்கள், அறுபத்து மூன்று. எனக்கு ஒரே குதூகலம். அறுபத்து மூன்று என்று திருத்தி அனுப்பினேன்.

சென்னையிலிருந்து பதில் ஜல்தியாக வந்தது. ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தவை மரமாகக் கருதப்படமாட்டா.

அதைப் படித்துவிட்டு நான் அவரிடம் சொன்னதை இன்று நினைத்தாலும் நாக்கு கூசுகிறது.

"எடுக்காத விட்டுடும்மா. ஒரு இருபத்துநாலு செடி மட்டும் வளரட்டும். ஒரு அடி வந்ததும் எடுத்துக்கலாம்."

"செவுத்துலயா?"

"வேற எங்க? கலசப்பாக்கத்து ஆள் என்ன பண்றார்னு நெனச்சே? அவருக்கு வேல நிரந்தரம் ஆகிடும். நீ பார்த்துகினு நிக்க வேண்டியதுதான்."

"சரிங்க" என்றார் அவர். அந்தச் 'சரிங்க'வை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் மழைக்காலம் வந்துவிட்டது. மண்டபத்துக்குப் போகிற வரப்பு சேறாகிவிடும் என்பது எனக்கு வசதியான காரணம். சம்பளம் வாங்க வரும்போதெல்லாம் கேட்பேன். "வளந்துகினு இருக்குதுங்க" என்பார். ஒரு முறை, "இருவத்தினாலும் நல்லா இருக்குதுங்க, ஒண்ணுகூடப் பட்டுப்போவல" என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமிதம் தெரிந்தது. மரத்தை ஒழிக்கிற வேலைக்கு என்ன பெருமிதம் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இல்லை.

பங்குனியில் சென்னையிலிருந்து ஒருவர் ஜீப்பில் ஆய்வுக்கு வந்தார். அவர் வந்த அன்று எங்கள் அதிகாரி, நான், ஜீப் டிரைவர் எல்லோருமாக மண்டபத்துக்குப் போனோம். மதில் நான் முதல் தடவை பார்த்தது போலவே மொட்டையாக, சுத்தமாக இருந்தது. ஒரு செடி இல்லை.

"செடிங்கள்லாம் எங்கம்மா?" என்று மண்டபத்தம்மாவிடம் கிசுகிசுத்தேன்.

"பின்னால வாங்க."

மண்டபத்தின் பின்பக்கம் நிழலில் வரிசையாக இருபத்துநாலு தொட்டிகள். தொட்டி என்றால் தொட்டியா? உடைந்த பானை, வாய் போன குடம், பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரம், ஓட்டைச் சட்டி. ஒவ்வொன்றிலும் அரசோ ஆலோ, ஓர் அடிக்கு மேல், பளபளவென்று. சுவரிலிருந்து மூன்றாவது இலைக்குள் எடுத்ததை வீசாமல் மண்ணில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார். சுவரும் கெடக் கூடாது, டீச்சரம்மா கேட்ட கணக்கும் குறையக் கூடாது. ஓர் அடி நீளக் குச்சியைக்கூடப் பக்கத்தில் வைத்திருந்தார், அளந்து பார்த்துக்கொள்ள.

சென்னைக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம், "இது என்னங்க, நர்சரியா?" என்று எங்கள் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். அந்த நிமிடம் மண்டபத்தம்மா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மானத்தை வாங்கிவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன். முட்டாள்தனம் யாருடையது என்பது எனக்கு அடுத்த வாரம்தான் பிடிபட்டது.

ஆனால் வந்தவர் கெட்டவர் இல்லை. மதிலை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "சரி போகட்டும். ஏம்மா, இதையெல்லாம் பிடுங்கிப் போட்டுடு. என் கண் முன்னால அகற்றினதா எழுதிட்டுப் போறேன். உனக்கும் வேலை கிடைக்கும்" என்றார்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இருபத்துநாலு செடியைப் பிடுங்க அரை மணி நேரம் ஆகாது. மண்டபத்தம்மா நகரவில்லை.

"முடியாதுங்க. மூணு இல தாண்டிடுச்சி."

"வேலை வேணுமா வேணாமா?"

"வேணுங்க. ஆனா இதுங்கள நான் தண்ணி ஊத்தி வளத்துட்டனே."

தன் விதியே தன்னைக் கட்டிப்போடும் என்று அவரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. சென்னைக்காரர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர், "எனக்கு வூட்ல மாசமா இருக்காங்க சார்" என்று இரண்டடி பின்னால் போய்விட்டார். எங்கள் அதிகாரி வானத்தைப் பார்த்தார். நான் படித்தவள், மூடநம்பிக்கை பற்றிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள். விறுவிறுவென்று போய் ஒரு செடியின் தண்டைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே நின்றேன். கை வரவில்லை. விட்டுவிட்டு வந்தேன். கடைசியில் சென்னைக்காரரே குனிந்து ஒன்றைப் பிடித்தார், நிமிர்ந்தார், கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கம்மா உயிரோட இருக்கற வரைக்கும் என்னால முடியாது" என்றார்.

ஐந்து பேர் இருபத்துநாலு செடிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அறிக்கையில், மண்டபம், மரம் அகற்றுதல், இலக்கு இருபத்துநாலு, முடித்தது பூஜ்ஜியம் என்று ஏறியது. சென்னைக்காரர் மனம் கனிந்தவர்தான், ஆனால் நான் போட்டுக்கொடுத்த படிவத்தில் மனத்துக்குக் கட்டம் இல்லை.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. கலசப்பாக்கம் காவல்காரர் நிரந்தரம். மண்டபத்தில் ஓராண்டாக எந்த வேலையும் நடைபெறாததால் அங்கே தினக்கூலி ஆள் தேவையில்லை. நிரந்தரம் கிடைக்காது என்றுதான் பயந்திருந்தோம். இருந்ததும் போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தை மண்டபத்தம்மாவுக்குப் படித்துக் காட்டியதும் நான்தான். அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. "அப்போ அந்தச் செடிங்கள நான் எடுத்துகினு போவட்டுமா?" என்று கேட்டார். அவரும் பெண்களுமாக இரண்டு நடையாகத் தலையில் சுமந்துகொண்டு போனார்கள். ஏரிக்கரையில் நட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா தறிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அறுந்த இழைகளைத் தேடி முடிபோட்டுக்கொண்டிருந்தாள். அப்பா நெய்கிற வரைக்கும் அவளுக்கு அதுதான் வேலை. பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி.

"ஒரு நாளைக்கு எத்தன இழைம்மா முடிவே?" என்று கேட்டேன்.

"அத யாருடி எண்றது? அறுந்தா முடியறது." தலையைக்கூடத் தூக்கவில்லை.

நான் சமையல் கட்டுக்குப் போய் அழுதேன். ஏன் என்று அம்மா கேட்டதற்கு வெங்காயம் என்றேன். அன்று வீட்டில் வெங்காயமே இல்லை.

மதில் அப்புறம் என்ன ஆயிற்று என்பது எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். இரண்டு மழைக்காலம் போதுமாக இருந்தது. இடுக்குக்கு ஒன்றாகச் செடி கிளம்பி, சில ஆள் உயரம் போய்விட்டது. வெளியூர்க் காண்டிராக்டர் ஒருவரைப் பிடித்தோம். அவர் ஆட்கள் கற்பூரம் ஏற்றிவிட்டு வெட்டினார்கள். வேரோடு இழுத்ததில் வடக்கு மூலை மதில் ஒரு வண்டி அகலத்துக்குச் சரிந்து வயலில் விழுந்தது. அகற்றிய மரங்கள் முப்பத்தொன்று. இலக்கு இருபத்துநாலு. மாதம் முடிவதற்குள் எங்கள் கிளைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதிகாரி அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டார்.

"மாட்டுங்க சார். அந்த விழுந்த மூலைல ஆணி அடிச்சு மாட்டுங்க" என்றேன். பாவம், என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் விழித்தார்.

அந்த வருடப் படிவத்தை நான் வேறு மாதிரி நிரப்பினேன். மரம் அகற்றுதல் என்ற வரியை அடித்துவிட்டு, மதிலில் நிற்கும் செடிகள், எண்ணிக்கை, ஆண்டு இலக்கு பூஜ்ஜியம் என்று எழுதினேன். கீழே, இதற்குத் தினமும் ஒருவர் சுற்றிவர வேண்டும் என்று ஒரு வரி. அதிகாரி எடுத்த பேனாவைத் திரும்ப மேஜையில் வைத்தார்.

"பூஜ்ஜியத்தப் போய் இலக்குன்னு அனுப்பினா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும் சார். போன தடவ சிரிக்காமத்தான் அனுப்பினோம், என்ன ஆச்சு பாருங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதரின் நல்ல குணம் அது, பயந்துகொண்டே சரியானதைச் செய்வார். படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை அனுப்பியபோது சென்னையிலிருந்து போன் வந்தது. ஜீப்பில் வந்தவர்தான்.

"இது அந்தத் தொட்டிக்காரம்மா விஷயம்தானே? அவங்க இன்னும் ஊர்ல இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். பத்து நாளில் ஒப்புதல் வந்தது, தினக்கூலி ஆளுக்கான அனுமதியோடு.

மண்டபத்தம்மா அப்போது பட்டு நூல் முறுக்கும் ஒரு கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். நானே போய்க் கூப்பிட்டேன். கோபித்துக்கொள்வார், இரண்டு வார்த்தை கேட்பார் என்று தயாராகப் போயிருந்தேன். கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த நூலை வைத்துவிட்டு, "செவுரு விழுந்துடுச்சாமே, நெஜமா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை மண்டபத்தில் இருந்தார். வீட்டுக் கூரையில் செருகி வைத்திருந்த அதே குடைக்கம்பியோடு.

மூன்று மாதம் முடிந்து முதல் அறிக்கைக்கு ஆபீசுக்கு வந்தார். வாசற்படியில் நின்றவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நுனியில் உட்கார்ந்தார். அறிக்கையை எடுத்து அவர் முன்னாலேயே எழுதினேன்.

"இன்னா எழுதறீங்க டீச்சரம்மா?"

"ஒரு செடிகூட இல்லன்னு எழுதறேன். இலக்கு முடிஞ்சதுன்னு."

"இல்லன்னு எழுதினா வேல செஞ்சதா ஆவுமா?"

"இனிமே ஆகும். இப்படியே வந்தா நிரந்தரத்துக்கும் எழுதலாம். திரும்பச் சேர்ந்த நாள்லேர்ந்து கணக்கு, பத்து வருஷம் ஆகணும்."

அவர் அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். படிக்கத் தெரியாது. பூஜ்ஜியத்தை மட்டும் அடையாளம் கண்டு அதன் மேல் விரலை வைத்தார்.

"முன்ன பத்து வருசமும் இதே மாதிரிதாங்க இருந்திச்சி. ஒரு செடிகூட இருந்ததில்ல. அதையும் இதுலயே சேத்து எழுதிட முடியுங்களா?"

நடுவில் வேலை விட்டுப்போனவர்களுக்குப் பழைய வருடங்கள் சேராது என்பது விதி. அந்த நடுவை உண்டாக்கியது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கேட்ட குரலில் குத்தல் துளிகூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"முடியாதும்மா" என்றேன்.

"சரிங்க" என்று எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனார்.